தறி ஜன்னலில் மெழுகுப் பூ... ஆரணியில் ஓர் ஐப்பசி விடுமுறை!

ஆரணிக்கு ரயிலில் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பி ஏறிவிடாதீர்கள். காட்பாடி - விழுப்புரம் பாதையில் 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கிப் பார்த்தால் அது களம்பூர். அங்கிருந்து பஸ் பிடித்துத்தான் ஊருக்குள் போக வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு நான் முதல் தடவை தனியாகப் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, அந்த ஸ்டேஷன் வாசலில் அப்படித்தான் முழித்துக்கொண்டு நின்றேன். ஒரு தோளில் பை. இன்னொரு கையில் பாதி வாடிய தொட்டிச் செடி.

அந்தச் செடியின் பெயர் ஹோயா. மெழுகுக்கொடி என்றும் சொல்கிறார்கள். கேரளாவில் வீட்டிலேயே செடி வளர்த்து விற்கும் ஒருவரிடம் ஆன்லைனில் பார்த்து, 350 ரூபாய்க்கு கூரியரில் வாங்கினேன். சென்னையில் என் அறைக்கு இருப்பது ஒரே ஒரு மேற்குப் பார்த்த பால்கனி. மத்தியான வெயிலில் இலைகள் வெளுத்து மஞ்சளாகின. பயந்துபோய் உள்ளே கொண்டுவந்து வைத்தேன். இருட்டில் ஒரு வருடம் அப்படியே நின்றது; சாகவும் இல்லை, வளரவும் இல்லை. ஊருக்கு எடுத்துப்போய்க் கொடுத்துவிடலாம் என்று தூக்கிக்கொண்டு கிளம்பியதுதான் அந்தப் பயணம்.

"இன்னாடி இது, பிளாஸ்டிக் செடியா?" என்று இலையைக் கிள்ளிப் பார்த்தார் பெரியம்மா. கிள்ளிய இடத்தில் பால் வந்ததும்தான் நம்பினார். "எருக்கஞ்செடி மாதிரி இல்ல பால் வருது?"

பெரியம்மா தாவரவியல் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே சரி. ஹோயாவும் எருக்கும் ஒரே குடும்பம். வேலிப்பருத்தி, நன்னாரி, சிறுகுறிஞ்சான் எல்லாம் அதன் உறவுக்காரர்கள்தான். பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். எருக்கம்பூவின் நடுவில் இருக்கிற அந்தக் கிரீடம், ஹோயாப் பூவிலும் சின்ன நட்சத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

ஆரணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை மாவட்டம், கமண்டல நாகநதிக் கரை. 1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே ஒரு சண்டை போட்டிருக்கிறார். பக்கத்தில் சத்திய விஜய நகரத்தில் ஆரணி ஜாகீர்தார்களின் பழைய அரண்மனை இருக்கிறது. அரிசிக்கும் பெயர் உண்டு. ஆனால் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு நெசவாளர் தெருவுக்குள் நடக்க வேண்டும். நாலைந்து வீட்டு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அறுந்த இழையைத் தேடித்தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பைக்கில் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிடுவார்கள். நம் கல்யாண ஆல்பங்களில் 'காஞ்சிபுரம்' என்று நாம் சொல்லிக்கொள்ளும் சேலைகளில் எத்தனை இந்தத் தெருக்களில் நெய்தவையோ! ஆரணிப் பட்டுக்கென்று தனிப் புவிசார் குறியீடே இருக்கிறது.

பெரியப்பா வீட்டில் அப்போது இரண்டு குழித்தறிகள். நான் கொண்டுபோன தொட்டியை வைக்க வேறு இடமில்லாததால், தறி அறை ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கி போட்டு மாட்டினார் பெரியம்மா. அவ்வளவுதான், வேறு எந்த யோசனையும் இல்லை.

ஹோயாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தறி ஓட்ட நல்ல வெளிச்சம் வேண்டும். ஆனால் சாயம் ஏற்றிய பட்டு மேல் நேர் வெயில் படக் கூடாது, நிறம் வெளுக்கும். காற்று ரொம்பக் காய்ந்தாலும் இழை அறுந்துபோகும் என்று சித்திரை, வைகாசியில் பெரியப்பா தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்து வைப்பார். நேர் வெயில் படாத வெளிச்சம், ஈரக்காற்று. காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு, இலை நிழலில் வாழ்கிற ஹோயா கேட்பதும் இந்த இரண்டைத்தான்.

இரண்டே வருடத்தில் கொடி ஜன்னலை மூடிவிட்டது. இலையே இல்லாத நீளமான கொடி ஒன்று காற்றில் துழாவிக்கொண்டே போய், தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியின் சட்டத்தைச் சுற்றிக்கொண்டது. மொட்டையாக நீண்டுகிடக்கிறதே என்று அந்தக் கொடியை நாம் வெட்டிவிடுவோம். பெரியம்மா வெட்டவில்லை. மூன்றாம் வருடம் ஐப்பசியில், சரியாக அந்தக் கொடியில்தான் முதல் கொத்து பூத்தது. இளஞ்சிவப்பு நட்சத்திரங்கள் இருபது, இருபத்தைந்து. பந்து மாதிரி ஒரே காம்பில் தொங்கின. பகலில் லேசான வாசனை. ராத்திரி வீடு முழுக்க.

பூ பூத்த சந்தோஷம் ஒருநாள்கூட நீடிக்கவில்லை. மறுநாள் காலை பெரியப்பா நாடாவை எடுக்கக் கை நீட்டும்போது, புறங்கையில் சொட்டென்று ஏதோ விழுந்தது. தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு. ஹோயாப் பூவில் தேன் முத்து முத்தாகத் திரண்டு சொட்டும். கீழே இருந்தது பாதி நெய்த அரக்குச் சேலை. ஒரு கறை விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள். சேலையே வேண்டாம் என்று தள்ளினாலும் தள்ளுவார்கள். பத்துப் பதினைந்து நாள் உழைப்பு. "வெட்டிப் போடுங்க" என்று பெரியம்மாவே சொல்லிவிட்டார். பெரியப்பா எதுவும் பேசாமல் பழைய நியூஸ்பேப்பரை மடித்து, பூங்கொத்துக்குக் கீழே தொட்டில் மாதிரி கட்டிவிட்டு உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தார்.

அவர் காப்பாற்றியதைக் கெடுத்தவள் நான். அடுத்த போகிக்கு ஊருக்குப் போயிருந்தேன். வீடு சுத்தம் செய்யும்போது, பூ உதிர்ந்த அந்தக் காம்பு காய்ந்த குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டேன். ஹோயா அதே பழைய காம்பிலிருந்துதான் மறுபடி மறுபடி பூக்கும் என்பது எனக்குத் தெரியாது. ரோஜாவுக்குச் செய்வதை இதற்கும் செய்தேன். அந்த ஐப்பசி ஒரு மொட்டு கூட வரவில்லை. 'உன் செடி மூடி இருக்குது' என்று பெரியம்மா வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். யூடியூபில் பார்க்கிற வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் போடுபவை. 'இலையுதிர் காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள்' என்பார்கள். நமக்கு ஏது இலையுதிர் காலம்? பள்ளிக்கூடத்தில் படித்த கூதிர்காலம் ஐப்பசியும் கார்த்திகையும். நம்மூரில் அது கொட்டுகிற மழைக்காலம். அந்த மாதங்களில் மொட்டை மாடியில் ஹோயாவை வைத்தீர்களென்றால் தண்ணீரைக் குறைப்பதாவது... வேர் அழுகிவிடும். மழை நேரடியாகப் படாத தாழ்வாரத்துக்கோ ஜன்னலுக்கோ முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். முன்கூட்டியே என்பது முக்கியம். மொட்டு வைத்த பிறகு தொட்டியை இடம் மாற்றினால், மொட்டுகள் உதிர்ந்துவிடலாம்.

பெரியம்மா வீட்டுக் கணக்கை அப்படியே சொல்கிறேன். அக்னி நட்சத்திர வெயிலில் செடி சும்மா இருக்கும். அப்போது உரம் எதுவும் வேண்டாம். ஆடியில் மழை ஆரம்பித்து ராத்திரி கொஞ்சம் குளிர்ந்ததும் புதுத்தளிர் விடும். அப்போது மாதம் இருமுறை, பொட்டாஷ் சத்து கூடுதலாக உள்ள திரவ உரத்தைப் பாக்கெட்டில் சொல்லியிருப்பதில் பாதி அளவு கலந்து ஊற்றுகிறோம். இலைக்கான தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் வரும். மண்ணை விரல் விட்டுப் பார்த்துக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். பெரிய தொட்டிக்கு மாற்றவே இல்லை. வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தாலும் இது நன்றாகவே பூக்கும். களிமண் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம் போதும். எறும்பு ஏறினால் சந்தேகப்படுங்கள். கணுவில் மாவுப்பூச்சி இருக்கும். வேப்பெண்ணெயில் ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்துத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம்.

நர்சரிகளில், அதுவும் காதலர் தினத்துக்கு, இதய வடிவ ஒற்றை இலையைச் சின்னத் தொட்டியில் நட்டு விற்பார்கள். அதுவும் ஒரு வகை ஹோயாதான். ஆனால் கணு இல்லாத வெறும் இலை வருடக்கணக்கில் இலையாகவே இருக்கும், கொடியாகாது. பூ வேண்டுமென்றால் இரண்டு கணுவாவது உள்ள கொடித்துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

படிக்கப் படிக்க இன்னொன்றும் கிடைத்தது. ஹோயா என்ற பெயர் தாமஸ் ஹோய் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் நினைவாக 1810-ல் ராபர்ட் பிரௌன் வைத்தது. உலகத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வகைகள். அதில் சில நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலேயே இருக்கின்றன. சென்னை ராஜதானியில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் அவற்றை ஆராய்ந்திருக்கிறார். ஒரு வகைக்கு அவர் பெயரே இருக்கிறது. அவருக்காகச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள்.

இந்த வருடம் ஐப்பசியில் மறுபடி போனேன். தறி அறையில் ஒரு தறிதான் இருக்கிறது. இன்னொன்று இருந்த குழியை மூடி சிமென்ட் பூசி, அதன்மேல் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. தறியில் உட்கார மாட்டேன் என்று அவன் சொல்லிப் பல வருடங்கள் ஆகிறது. சேலை ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்குகிற சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. ஆனால் பெரியப்பாவின் முழங்காலுக்கு எந்தச் சட்டமும் இல்லை. மீதமுள்ள குழியையும் மூடி, ஜன்னலை அடைத்து, அறையை வாடகைக்கு விடுவதென்று பேச்சு. கொத்தனார் வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஜன்னல் கம்பியில் புதிதாக இரண்டு காம்புகள். ஒன்றில் கடுகு அளவில் மொட்டுகள். இன்னொன்றில் மிளகு அளவில்.

நான் இருந்தபோதே கொத்தனார் மறுபடி வந்தார். மூட்டைகளை எங்கே இறக்குவது என்று கேட்டார்.

"கார்த்திகை தீபம் தாண்டி வாப்பா" என்றார் பெரியம்மா. "மொட்டு வெச்சிருக்குது. இப்ப இடம் மாத்தினா கொட்டிடும்."

கொத்தனார் பெரியப்பாவைப் பார்த்தார்.

"பாவுல இன்னும் ரெண்டு சேலை இருக்குது" என்று சொல்லிவிட்டு, அவர் குழிக்குள் காலை இறக்கினார்.

சென்னைக்குத் திரும்பிப் பன்னிரண்டாம் நாள் ராத்திரி ஒரு போட்டோ வந்தது. கொஞ்சம் ஆடிப்போன படம். இளஞ்சிவப்பு நட்சத்திரப் பந்து ஒன்று. அதன் கீழே தொட்டிலாகக் கட்டிய நியூஸ்பேப்பர். ஓரத்தில் மாம்பழ மஞ்சளில் கொஞ்சம் சேலை.