"என் லேப்டாப்ல ஓடுதே!"

மறுநாள் காலையில் ப்ராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி பதினொரு மணிக்கு டீம்மேட் போன் பண்ணினா: "பில்ட் ஃபெயில் ஆகுது." என் பதில்தான் இந்தத் தலைப்பு. கூடவே "நீ எதையோ மாத்திட்டே"ன்னும் சொன்னேன். அவ எதையும் மாத்தல.

சீனியர் தந்த பழைய ஜாவா ப்ராஜெக்ட் அது. அதோட பாம்.எக்ஸ்எம்எல் ஃபைலில் மேவன் சென்ட்ரலின் முகவரி ஹெச்டிடிபி-ன்னு தொடங்கும். 2020 ஜனவரி 15-லேர்ந்து அந்த வாசலை மூடியாச்சு. ஹெச்டிடிபிஎஸ் வழியாப் போனால்தான் லைப்ரரி கிடைக்கும். அவளுக்கு வந்த 501 எரர் சொன்னதும் அதையேதான்.

அப்போ எனக்கு மட்டும் எப்படி ஓடிச்சு? சீனியரோட பென்டிரைவிலேர்ந்து மேவனின் லோக்கல் ஃபோல்டரையும் காப்பி பண்ணியிருந்தேன். தேவையான ஜார் ஃபைல் எல்லாம் அதிலேயே இருந்ததால, என் லேப்டாப் நெட்டுக்கே போகல.

உங்களுக்கும் இப்படி வந்தா, எரரின் கடைசி வரியைப் பார்த்துப் பதறாதீங்க. மேலே போய், எந்த முகவரியிலேர்ந்து எதை எடுக்க முடியலன்னு சொல்ற வரியைத் தேடுங்க. முகவரி மாறியிருந்தா, அந்த லைப்ரரியோட அதிகாரபூர்வ பக்கத்தில் இருக்கிற புதுசைப் போடுங்க. அப்புறம் லோக்கல் ஃபோல்டரோட பெயரை மாத்திட்டு, மறுபடி பில்ட் பண்ணுங்க. அப்பவும் ஓடினாத்தான் நிஜமாவே சரியாச்சுன்னு அர்த்தம்.

எங்களுக்கு வேண்டியிருந்தது 'எஸ்'ங்கிற ஒரே ஒரு எழுத்து. ராத்திரி ரெண்டு மணிக்கு அதைக் கண்டுபிடிச்சதும் அவதான். ரிவ்யூ நல்லபடியா முடிஞ்சது. நான் மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் ரெண்டு நாள் ஆச்சு.