ஐந்து அரண்மனைகளின் கணக்கு

1929 செப்டம்பர் 7, சனிக்கிழமை. நியூயார்க் நகரத்தில் ஒரே நாளில் இரண்டு அரண்மனைகள் திறக்கப்பட்டன. ஒன்று புரூக்ளினில், இன்னொன்று பிராங்ஸில். ஆனால் எந்த ராஜாவும் குடியேறவில்லை. கவுன்ட்டரில் சில்லறையை நீட்டி டிக்கெட் வாங்கிய எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஏனென்றால் இரண்டுமே சினிமா தியேட்டர்கள்!

கட்டியது லோஸ் கம்பெனி. கர்ஜிக்கும் சிங்கத்தை முகப்பில் காட்டும் எம்.ஜி.எம். இருக்கிறதே, அதற்குத் தாய்க் கம்பெனி. 1929 ஜனவரி முதல் 1930 பிப்ரவரி வரை நியூயார்க்கிலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்சி சிட்டியிலுமாக ஐந்து பிரம்மாண்ட தியேட்டர்களை இந்தக் கம்பெனி திறந்தது. குயின்ஸில் வாலென்சியா, பிராங்ஸில் பாரடைஸ், புரூக்ளினில் கிங்ஸ், ஜெர்சி சிட்டியில் லோஸ் ஜெர்சி, மன்ஹாட்டனின் வடகோடியில் 175-வது தெரு தியேட்டர். ஐந்துக்கும் சேர்த்து ஒரே பட்டப்பெயர்: 'வொண்டர் தியேட்டர்கள்'.

ஒவ்வொன்றிலும் சுமார் மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் இருக்கைகள். மார்பிள், சரவிளக்கு, கூரை முழுக்க சுதை வேலைப்பாடு. வாலென்சியாவையும் பாரடைஸையும் வடிவமைத்த ஜான் எபர்சன் ஒரு படி மேலே போனார். உள்ளே உட்கார்ந்தால் ஏதோ ஸ்பெயின், இத்தாலி பக்கத்து ஊரின் முற்றத்தில் ராத்திரி நேரம் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். சுற்றிலும் மாடங்கள், கோபுரங்கள். மேலே நீல வானம். அதில் மின்னும் நட்சத்திரங்கள். படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, கூரையைப் பார்த்துவிட்டு வரலாம்!

ஒரே கம்பெனி, ஒரே காலம், கிட்டத்தட்ட ஒரே அளவு. பிறகு நடந்ததுதான் ஐந்துக்கும் வேறு வேறு. பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது என்றால் என்ன, அதற்கு எவ்வளவு செலவாகும், யார் கட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

எப்படி விழுந்தன?

முதல் அடி உடனே விழுந்தது. கிங்ஸும் பாரடைஸும் திறந்து ஏழே வாரத்தில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. ஆனால் அதை இவை தாங்கிக்கொண்டன. வேலை இல்லாதவனும் சினிமா பார்த்தான்.

தாங்க முடியாத அடி 1948-ல் வந்தது. படம் எடுக்கும் கம்பெனியே தியேட்டர் சங்கிலியையும் கையில் வைத்திருப்பது போட்டிக்கு எதிரானது என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தயாரிப்பு வேறு, தியேட்டர் வேறு என்று பிரிக்க வேண்டியதாயிற்று. சொந்த வீட்டுச் சமையல்போல வாரா வாரம் வந்துகொண்டிருந்த படங்களை, இனி சந்தையில் பேரம் பேசி வாங்க வேண்டும். அதே சமயத்தில் டிவி வந்தது. குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு புறநகருக்குக் குடிபோயின.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்கவே வேண்டாம். 3,600 இருக்கையில் 300 பேர் உட்கார்ந்திருந்தாலும் 3,600 பேருக்கான ஹாலைத்தான் சூடாக்க வேண்டும், குளிராக்க வேண்டும், பெருக்க வேண்டும். வரவு பத்தில் ஒன்றாகக் குறையும். நிலைச் செலவு ஒரு பைசா குறையாது.

வாலென்சியாவும் 175-வது தெருவும்: ஜெபம் காத்தது

175-வது தெரு தியேட்டர் 1969-ல் மூடியது. கடைசியாக ஓடிய படம் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. மூடிய சூட்டோடு ரெவரெண்ட் ஐக் என்ற பிரசங்கி அதை வாங்கிவிட்டார். பணம் பாவமல்ல, வசதியாக வாழ்வதே கடவுளின் விருப்பம் என்று பிரசங்கம் செய்தவர். அந்தப் போதனைக்குத் தங்கப்பூச்சு மின்னும் தியேட்டரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா? சுரண்டி எடுக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. மெருகேற்றத்தான் காரணம் இருந்தது. பின்னாளில் அது 'யுனைடெட் பேலஸ்' என்று பெயர் பெற்றது.

வாலென்சியா 1977-ல் மூடியது. அதுவும் அதே வருடம் ஒரு சபையின் கைக்குப் போய் ஜெப ஆலயமாகிவிட்டது.

கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் சினிமா தியேட்டருக்கும் சர்ச்சுக்கும் வேண்டியது ஒன்றேதான்: எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார ஒரு பெரிய ஹால், முன்னால் ஒரு மேடை. சுவரை இடிக்க வேண்டாம், தளத்தைச் சமமாக்க வேண்டாம், இருக்கைகளைப் பிடுங்க வேண்டாம். வழிபாட்டுத் தலத்துக்குச் சொத்து வரி விலக்கும் உண்டு. நம்மூரில் எத்தனையோ பழைய தியேட்டர்கள் கல்யாண மண்டபமாக மாறியதற்கும் இதே காரணம்தான்.

யுனைடெட் பேலஸ் அதோடு நிற்கவில்லை. காலப்போக்கில் கச்சேரிகளுக்கும் மறுபடி சினிமாவுக்கும் கதவைத் திறந்தது. 2023-ல் டோனி விருது விழாவே அங்கேதான் நடந்தது.

இடையில் ஒரு கொசுறு. இந்த 175-வது தெரு தியேட்டரின் வடிவமைப்பாளர் தாமஸ் லாம்ப். மும்பையில் எம்.ஜி.எம். கட்டி 1938-ல் திறந்த மெட்ரோ தியேட்டரிலும் அவருடைய கை உண்டு. அந்த மெட்ரோ 2006-ல் மல்டிப்ளெக்ஸாக மாறியது. வெளித்தோற்றம் பழையது, உள்ளே பல ஸ்க்ரீன். அதுவும் ஒருவகை மறுவாழ்வுதான்.

பாரடைஸ்: கூறு போட்ட சொர்க்கம்

பாரடைஸை மூடவில்லை. வெட்டினார்கள். 1970-களில் முதலில் இரண்டாக, பிறகு மூன்றாக, 1980-களின் தொடக்கத்தில் நான்காக. நட்சத்திர வானத்துக்குக் கீழே குறுக்குச் சுவர்கள் எழுந்தன. அழகு கெட்டதென்னவோ நிஜம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுவர்கள் இருந்த வரையில் கட்டடம் சம்பாதித்தது. சம்பாதித்ததால் கூரைக்குக் கீழே ஆட்கள் நடமாடினார்கள். 1994 வரை இப்படி ஓடிவிட்டுத்தான் மூடியது. பின்னால் அந்தச் சுவர்களை எடுத்துவிட முடிந்தது. 2005-ல் கச்சேரி அரங்கமாகத் திறந்தது. 2012-ல் இதுவும் ஒரு சபையின் வழிபாட்டுக்குப் போனது.

குறுக்குச் சுவரை இடித்துவிடலாம். விழுந்த கூரையை?

கிங்ஸ்: 95 மில்லியன் டாலர் பாடம்

கிங்ஸ் 1977-ல் மூடியது. யாரும் வாங்கவில்லை. கடைசியில் நகராட்சியின் தலையில் வந்து விழுந்தது. நகராட்சி என்ன செய்யும்? பூட்டு போட்டது.

பூட்டிய தியேட்டருக்குள் நடப்பது மெதுவான விஷயம். மொட்டைமாடியில் மழைநீர் போகும் குழாயை இலையும் குப்பையும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும். ஒரு விரிசல் வழியாக உள்ளே இறங்கும். சுதைக்கூரை தண்ணீர் குடித்துக் கனக்கும். அதைத் தாங்கும் கம்பி துருப்பிடிக்கும். ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பாளம் தொப்பென்று விழும். இப்போது ஓட்டை பெரிது. அடுத்த மழைக்கு இன்னும் பெரிது. அமெரிக்கக் குளிரில் ஹீட்டரும் நின்றுவிட்டால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும். மிச்சம் மீதி இருப்பதைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போவார்கள்.

முப்பத்தேழு வருடம் இப்படியே போனது. 2015 பிப்ரவரியில் டயானா ராஸ் கச்சேரியோடு கிங்ஸ் மறுபடி திறந்தபோது ஆன செலவு சுமார் 95 மில்லியன் டாலர். மிஞ்சிய துண்டைப் பார்த்துப் பழைய டிசைனில் புதுக் கம்பளம் நெய்தார்கள். உதிர்ந்த சுதை வேலைகளுக்கு அச்செடுத்து வார்த்தார்கள். இருக்கைகள் 3,000-க்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு இருக்கைக்குக் கிட்டத்தட்ட 30,000 டாலர்!

பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு நகராட்சியும் தனியார் நிறுவனமும் போட்டது. மீதிக்கு வரிச்சலுகை. அமெரிக்காவில் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடத்தை முறைப்படி புதுப்பித்து வருமானம் வரும்படி பயன்படுத்தினால், தகுதியான செலவில் 20 சதவீதத்தைக் கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். வருமானத்தில் கழிக்கும் சலுகை அல்ல, வரியிலேயே கழிப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பரீட்சைக்கும் வரும், வாழ்க்கைக்கும் வரும். புதுப்பிக்கிறவருக்கு அவ்வளவு வரி இல்லையென்றால், நிறைய வரி கட்டும் வங்கியையோ கம்பெனியையோ பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு அந்தச் சலுகையை முதலீடாக மாற்றிக்கொள்வார்கள்.

ஜெர்சி: துடைப்பத்தோடு வந்தவர்கள்

ஜெர்சி தியேட்டரையும் மூன்றாகத் தடுத்திருந்தார்கள். 1986-ல் மூடியது. இடித்துவிட்டு ஆபீஸ் கட்டடம் கட்டத் திட்டம். ஊர்க்காரர்கள் விடவில்லை. மனு, கூட்டம், மறுபடி மனு. கடைசியில் 1993-ல் நகராட்சி 3,25,000 டாலருக்கு வாங்கியது. வாங்கியதே தவிர, சீர்செய்யக் கையில் காசு இல்லை.

வந்தவர்கள் சாதாரண மனிதர்கள். சனி ஞாயிறுகளில் துடைப்பம், பெயின்ட், திருப்புளியோடு வந்தார்கள். வயரிங் பார்த்தார்கள், இருக்கைகளைக் கழற்றி மாட்டினார்கள், தடுப்புச் சுவர்களை எடுத்தார்கள். வருடக்கணக்கில், சம்பளம் இல்லாமல். பிறகு பழைய படங்களைக் குறைந்த டிக்கெட்டில் காட்ட ஆரம்பித்தார்கள்.

இதில் ஒரு அழகான விஷயம் உண்டு. ஐந்து தியேட்டரிலும் ராபர்ட் மார்ட்டன் கம்பெனியின் ஒரே மாதிரி பெரிய குழாய் ஆர்கன் இருந்தது. ஜெர்சியின் ஆர்கனை 1970-களிலேயே விற்றுவிட்டார்கள். அது கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. பாரடைஸிலிருந்து வெளியே போயிருந்த ஆர்கனை ஆர்வலர்கள் தேடிப்பிடித்து, பல வருடம் பழுதுபார்த்து ஜெர்சியில் பொருத்தினார்கள். அக்காவின் குரல் தங்கைக்கு வந்துவிட்டது.

2014-ல் தியேட்டரைப் பெரிய கச்சேரி நிறுவனத்திடம் கொடுக்க நகராட்சி முயன்றபோது, தன்னார்வலர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார்கள். 2021-ல் வேறொரு ஒப்பந்தம் ஆனது. அறிவித்த தொகை 72 மில்லியன் டாலர். இதில் தன்னார்வலர்களுக்கும் இடம் இருந்தது.

பேலன்ஸ் ஷீட்டில் வராத கடன்

இன்னொரு தியேட்டரையும் சொல்லிவிட வேண்டும். கிங்ஸையும் ஜெர்சியையும் வடிவமைத்த அதே ராப் அண்ட் ராப் நிறுவனம் 1926-ல் டெட்ராய்ட்டில் மிச்சிகன் தியேட்டரைக் கட்டியது. 1976-ல் மூடிய பிறகு அதை இடித்தால் ஒட்டியிருந்த ஆபீஸ் கட்டடத்துக்கு ஆபத்து என்று தெரிந்தது. அதனால் உள்ளே கார் பார்க்கிங் அமைத்தார்கள். அலங்காரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கார்கள். ஹென்றி ஃபோர்டு தன் முதல் காரைச் செய்த கொட்டகை இருந்த இடமும் அதுவேதானாம். சிரிப்பதா அழுவதா?

ஆனால் கணக்கு தெளிவாகிறது. தேய்மானத்தைக் கணக்குப் புத்தகம் வருடா வருடம் காட்டும். பார்க்காமல் விட்ட பழுதைக் காட்டாது. அது பேலன்ஸ் ஷீட்டில் வராத கடன். வட்டி மட்டும் மழையாக வந்து வசூலித்துக்கொண்டு போகும். உடனே ஆள் குடியேறிய யுனைடெட் பேலஸும் வாலென்சியாவும் இந்தக் கடனில் சிக்கவில்லை. சரியான உபயோகம் வரட்டும் என்று காத்திருந்த கிங்ஸ் வட்டியும் முதலுமாகக் கட்டியது.

ஆகவே, 'தியேட்டரை சர்ச் ஆக்கிவிட்டார்களே, நாலாக வெட்டிவிட்டார்களே' என்று வருத்தப்படுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். மாற்றிவிடக்கூடிய தப்பான உபயோகம், மாற்ற முடியாத பூட்டைவிட மேல்.

அப்படியானால் கிங்ஸ் திறந்தது வெற்றி இல்லையா? வெற்றிதான். ஆனால் ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. 1929-ல் அந்த மார்பிள் படியில் ஏற ஒரு கடைச் சிப்பந்திக்கோ தையல்காரிக்கோ ஒரு டாலர்கூட வேண்டியிருக்கவில்லை. வாரா வாரம் ஏறினார்கள். அந்தக் கட்டடத்தின் உண்மையான அதிசயம் சரவிளக்கு அல்ல, அந்த விலைதான். இத்தனை மில்லியன் போட்டுப் புதுப்பித்த அரங்கு பெரிய கச்சேரிகளை நம்பித்தான் ஓட வேண்டும். கச்சேரி டிக்கெட் சினிமா டிக்கெட் அல்ல. பக்கத்துத் தெருக்காரர் அதே தங்கப்பூச்சை வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் பெரிது. ஜெர்சி தன்னார்வலர்கள் கோர்ட் வரை போனதற்கு அடியில் இருந்ததும் இந்தக் கவலைதான்: கட்டடம் பிழைத்தால் போதாது, குறைந்த டிக்கெட்டும் பிழைக்க வேண்டும்.

சுவர், கூரை, கம்பளம், ஆர்கன் எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவர ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். அந்தப் பழைய டிக்கெட் விலையைப் புதுப்பிக்கத்தான் இன்னும் யாரும் டெண்டர் போடவில்லை. உங்களுக்கு ஏதாவது கணக்கு தோன்றினால் சொல்லுங்களேன்.