இரண்டு கிரவுண்டு, எட்டு வீடு

கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடு சந்திப்பைத் தாண்டி மாடம்பாக்கம் பக்கம் போனால், தெருவுக்கு ஒரு கட்டடமாவது சாரம் கட்டி நிற்கிறது. பெரும்பாலும் ஒரே கணக்கு: இரண்டு கிரவுண்டு மனை, எட்டு வீடு. மனை 500 சதுர மீட்டருக்குள்ளோ, வீடுகள் எட்டுக்குள்ளோ இருந்தால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்டு ஏறக்குறைய 446 சதுர மீட்டர். இந்தப் பகுதியின் குடும்ப நிறுவனங்கள் பலவும் இந்த எல்லைக்குள் வளர்ந்தவை.

அப்படியொரு நிறுவனம் தளம் போடும் நாளில் நான் அங்கே போயிருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று அதை நடத்தும் பெரியவர் கேட்டுக்கொண்டார். அவருடைய அப்பா எழுபதுகளில் விழுப்புரம் பக்கத்திலிருந்து கரண்டியோடு வந்தவர். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. 1937-ல் கிறித்துவக் கல்லூரியும் இங்கே குடிபெயர்ந்தது. ஆனாலும் சேலையூரும் ராஜகீழ்ப்பாக்கமும் வெகுகாலம் வயலும் ஏரியுமாகவே கிடந்தன. ரயில்வேக்காரர்களும் விமானப்படைக்காரர்களும், 1984-க்குப் பிறகு மெப்ஸ் ஏற்றுமதி மண்டல ஊழியர்களும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று மனை வாங்கிப்போட்டார்கள். சாமானை வீட்டுக்காரர் வாங்கிக் கொடுப்பார், ஆளை மேஸ்திரி கொண்டுவருவார். 'லேபர் கான்ட்ராக்ட்' என்று தொடங்கிய தொழில் அது. மகனான பெரியவர் காலத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று சாமானோடு பேசி எடுத்தார்கள்.

மூன்றாவது படிதான் பெரிய தாவல். எழுபது, எண்பதுகளில் கட்டிய தனிவீடுகள் பழசாகிவிட்டன. வீட்டுக்காரரின் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ. மனை அவருடையது, கட்டுமானம் இவருடையது, வீடுகளைப் பங்கிட்டுக்கொள்வது என்று ஜாயிண்ட் வென்ச்சர் வந்தது. மனை வாங்கக் கோடிகள் இல்லாத குடும்பமும் பில்டர் ஆக முடிந்தது இதனால்தான். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எஃப்எஸ்ஐயை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் 7,200 சதுர அடி கட்டிய இடத்தில் 9,600 கட்டலாம். எட்டு வீட்டுக்குப் பிரித்தால் 900 சதுர அடி வீடு 1,200 ஆகிறது. வீட்டுக்கு ஓர் அறை கூடும் கணக்கு இது. மனைக்காரரோடு நடக்கும் பேரம் முழுக்க இதன்மேல்தான்.

ஆனால் மனைக்காரர் ஏன் இவரை நம்பிப் பத்திரத்தைக் கொடுக்கிறார்? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. "அந்த வாரம் நாங்க கட்டின வீடு ஒவ்வொண்ணுக்கும் போய் நின்னேன். நாலு பேர் கோவமா பேசினாங்க, கேட்டுக்கிட்டேன். நானும் இதே ஊர்லதான சார் இருக்கேன்" என்றார் பெரியவர். அடுத்தடுத்த கட்டடங்களில் வெள்ளம் நின்ற மட்டத்தைக் கேட்டறிந்த பிறகே தரைமட்டம் முடிவானது. எந்த விளம்பரமும் வாங்கித் தராத நம்பிக்கை இது என்று நான் நினைக்கிறேன்.

தளம் போடும் அன்று காலை ஆறரைக்கே மிக்சர் ஓடத் தொடங்கிவிட்டது. பலகைக்கும் கம்பிக்கும் நடுவே கவர் பிளாக் உட்கார்ந்திருக்கிறதா என்று மேஸ்திரி குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். கம்பி பலகையில் ஒட்டிக்கொண்டால் சில வருடங்களில் துருப்பிடித்து, தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். அவர் அதிகம் சத்தம் போட்டது தண்ணீருக்குத்தான். கலவை இளகினால் அள்ளிக் கொட்டச் சுலபம், வலு குறையும். மிக்சர்காரர் அரை வாளி கூடுதலாகச் சாய்த்ததும் மேலிருந்தே குரல் வந்தது: "டேய், பாயசமா வெக்கிற? போதும் நிறுத்து!" கரண்டியால் ஒரு வாய் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். மெதுவாக, கட்டியாக நழுவியது. தலையாட்டினார். சிவில் படித்த பெரியவரின் பேத்தி கையில் டேப்போடு பக்கத்தில் நின்றாள். படம், கம்பிக் கணக்கு, வங்கி எல்லாம் அவள் பொறுப்பு. தண்ணீர் விஷயத்தில் மேஸ்திரி சொல்தான் கடைசி.

மௌலிவாக்கத்தைப் பற்றி அவளாகவே பேசினாள். 2014 ஜூன் 28-ல் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்திலேயே வேலை செய்த கூலித் தொழிலாளர்கள். "மண் பரிசோதனை வேணாம், பக்கத்து மனையில பார்த்ததே போதும்னு யாராவது சொன்னா எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்" என்றாள். சேலையூர் பக்கம் சீக்கிரம் கெட்டி மண் கிடைக்கும்; பள்ளிக்கரணைச் சதுப்பை நெருங்க நெருங்கக் களிமண். கடைக்கால் செலவே மாறிவிடும்.

பாண்டு தூக்கிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். கம்பி கட்டியவர்கள் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். பதினொரு மணி டீயின்போது ஓர் அம்மாவிடம், "எத்தனை வருஷமா வேலைக்கு வர்றீங்கக்கா?" என்றேன். "கல்யாணம் ஆன வருஷத்திலேர்ந்து. என் பையன் என்ஜினியரிங் முடிச்சிட்டான்" என்றார். இன்றும் சித்தாள்தான். அவர் கலவை கொடுத்த எத்தனையோ பையன்கள் பெரியாளாகி, கொத்தனாராகி, ஒருவர் மேஸ்திரியும் ஆகிவிட்டார். கொத்தனாரின் நாள் கூலி ஆயிரத்தைத் தாண்டுகிறது. இவருக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். 1994-ல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார். பிளான் அனுமதியின்போது பில்டர் கட்டும் ஒரு சதவீத நிதியிலிருந்து கல்வி உதவியும் ஓய்வூதியமும் வரும். மகன் படிப்புக்கு அந்தப் பணம் உதவியதாம்.

கரண்டியோடு வந்தவரின் குடும்பம் பில்டரான அதே தொழிலில், கரண்டியையே தொடாமல் ஒருவர் ஆயுளைக் கழித்துவிடுகிறார். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. கலவைப் பதம் அவருக்குத் தெரியும். மேஸ்திரி அதட்டுவதற்கு முன்பே, மிக்சர் பக்கம் பார்த்து முகம் சுளித்தவர் அவர்.

பேத்தியிடம் இதைக் கேட்டேன். மழுப்பவில்லை. "உள்பூச்சு வேலைக்கு ரெண்டு அக்காவைப் பழக்கணும்னு தாத்தாகிட்ட கேட்டிருக்கேன். அவர் சரின்னுட்டார். கொத்தனாருங்கதான் கூட நிக்க மாட்டோம்ங்கிறாங்க."

மேஸ்திரி கேட்டுக்கொண்டே வந்தார். "பழகட்டுமே. ஆனா கூலி கொத்தனார் கூலியா, சித்தாள் கூலியா? அதை மொதல்ல சொல்லுங்கம்மா."

கொத்தனார் கூலிதான் என்றாள் அவள். வெங்கம்பாக்கம் பக்கம் அடுத்த மனை தை மாதம் பூஜை. பூச்சு வேலை வர ஆடி ஆகிவிடும் என்று மேஸ்திரி விரல்விட்டு எண்ணினார்.