குவர்னிகாவில் ஒரு தாய்

பயிற்சி நெறியொன்றிற்காகக் கடந்த ஆண்டு ஸ்பெயின் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கடைசி நாளன்று மட்ரிட் நகரிலுள்ள ரெய்னா சோபியா நூதனசாலைக்குப் போனோம். 18ஆம் நூற்றாண்டில் வைத்தியசாலையாகக் கட்டப்பட்ட கட்டடம் அது. அங்கேதான் பிக்காசோ வரைந்த 'குவர்னிகா' ஓவியம் இருக்கிறது.

குவர்னிகா, வட ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் வாழும் சிறு நகரம். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1937 ஏப்ரல் 26ஆம் திகதி, பிராங்கோவின் படைக்கு ஆதரவாக வந்த ஜேர்மனிய, இத்தாலிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. அன்று திங்கட்கிழமை, சந்தை நாள். பரிஸில் வாழ்ந்த பிக்காசோ செய்தியறிந்து சில வாரங்களில் இதை வரைந்தார். ஸ்பெயினில் மக்களின் சுதந்திரம் மீளும்வரை ஓவியம் அங்கு போகக்கூடாது என்பது அவர் விருப்பம். அதனால் அது நீண்டகாலம் நியூயோர்க்கில் இருந்து, 1981இல்தான் ஸ்பெயினுக்கு வந்தது.

உயரம் மூன்றரை மீற்றர், அகலம் ஏறத்தாழ எட்டு மீற்றர். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறமில்லை. விமானமும் இல்லை, குண்டும் இல்லை. கீழே உடைந்த வாளோடு ஒரு போர்வீரன் கிடக்கிறான். மற்றவர்கள் பெண்கள். ஒருத்தி நெருப்புக்குள் கைகளை உயர்த்துகிறாள். ஒருத்தி காலை இழுத்து இழுத்து ஓடுகிறாள். ஒருத்தி யன்னலால் விளக்கை நீட்டிப் பார்க்கிறாள். இடது ஓரத்தில் ஒரு தாய், இறந்த குழந்தையை ஏந்தி வாயைத் திறந்து அண்ணாந்திருக்கிறாள்.

அந்தத் தாயைக் கண்டதும் எனக்கு முல்லைத்தீவில் ஒரு கிராமத்து அம்மாவின் நினைவு வந்தது. சில வருடங்களுக்கு முன் விபரம் திரட்டப் போனபோது, 2009இல் பங்கருக்குள் மகனை இழந்த கதையை அவர் சொல்லத் தொடங்கினார். என் கையில் படிவம். "சரியம்மா, வீட்டில இப்ப எத்தனை பேர்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த ஓவியத்தின் முன் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நூதனசாலைக் கடையில் அதன் தபாலட்டை ஒன்றை வாங்கினேன். ஊர் திரும்பியதும் அந்த அம்மாவிடம் போனேன். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். தாயின் வாயில் விரலை வைத்தார். அந்த நாக்கு கத்திமுனை போலக் கூராக வரையப்பட்டிருக்கும்.

"கத்திக் கத்தி நாக்கு இப்பிடித்தான் பிள்ளை போகும்," என்றார். "இவவின்ர பிள்ளைக்கு என்ன பேர்?"

பெயர் தெரியாது என்றேன்.

"என்ர பிள்ளையின்ர பேர் நீங்கள் எழுதேல்லையே?"

அன்று நான் படிவத்தை எடுக்கவில்லை. பொழுதுபடும்வரை அவர் சொன்னார், நான் கேட்டேன். மகனின் பெயரையும் வயதையும் அவர் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டினேன்.

சகோதரிகளே, என்னைப் போன்றவர்கள் படிவத்தோடு உங்கள் வாசலுக்கு வருவோம். உங்கள் கதைக்கு அதில் இடம் இருக்காது. பின்பக்கத்தில் என்றாலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.