துறைக்குப் போகும் தெரு

பாபநாசம், திருப்புடைமருதூர், சேரன்மகாதேவி, முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணிக் கரையில் ஊருக்கு ஊர் படித்துறை உண்டு. நெல்லைக்குள் மட்டும் சிந்துபூந்துறை, குறுக்குத்துறை, கருப்பந்துறை என்று எத்தனையோ. இவற்றில் பலவற்றில் இறங்கி ஏறிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படித்துறையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. ஆற்றுக்கு வரும் தெருவின் கடைசிப் பகுதிதான் அது. தெரு கெட்டால் துறையும் கெடும்.

குறுக்குத்துறைப் படிகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கல்லைக் கவனியுங்கள். பழைய கருங்கல்லில் உளி கொத்திய தடம் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது, ஈரக்கால் வழுக்காது. விளிம்பில் மட்டும் துணி அடித்து அடித்துத் தேய்ந்த குழிவு. படிக்குப் படி உயரம் கம்மி. ஈரச் சேலையோடு, இடுப்பில் குடத்தோடு ஏறுகிறவளை நினைத்து யாரோ அளந்திருக்கிறார்கள். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, அடியில் இன்னும் படிகள் தெரியும். எந்த மாதத்திலும் ஆறு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

அங்கே ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயிலும் வெள்ளத்தோடு வாழப் பழகியதுதான். தண்ணீர் ஏறினால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் கோயில் மூழ்கியது. கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கமும் ஊருக்குள் தண்ணீர் வந்தது. வெள்ளம் விட்டுப்போன மணலையும் முள்ளையும் கூட்டித் தள்ளிவிடலாம். தினமும் ஆற்றில் வந்து விழுகிற சாக்கடையை என்ன செய்வது?

துறைக்கு வரும் தெருக்களிலும் கோளாறுதான்: பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். தெரு உயர்கிறது, வீட்டு வாசல் பள்ளமாகிறது, முதல் படிக்கும் தெருவுக்கும் நடுவில் பெரிய இறக்கம் விழுகிறது. குழாய்க்குத் தோண்டிய பள்ளம் சரியாக மூடப்படாமல் கிடக்கும். மழை பெய்தால் அந்தச் சேறும் ஓடைத் தண்ணீரும் நேராகப் படியில்தான் இறங்கும். புதிதாகக் கட்டிய இடங்களிலோ வழவழப்பான சிமெண்ட். அதில் பாசி பிடித்தால் இளவட்டங்களே சறுக்குகிறார்கள். ஒரு பாட்டி பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரம் என்ற நீராடல் விழா வந்தபோது பல துறைகள் துப்புரவாயின. மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் சாக்கடை நிற்கவில்லை: ஆற்றில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்குக்காக 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றங்கரையைப் பார்த்தார்கள்.

இனி ஒரு துறையைச் சீரமைக்க மதிப்பீடு போடுகிற பொறியாளர்கள் தெருமுனையிலிருந்து அளக்கத் தொடங்க வேண்டும். முதலில் சாக்கடையைத் திருப்புங்கள். அடுத்துத் தெருமட்டத்தைச் சரிசெய்யுங்கள். படியில் கொத்திய கருங்கல்லையே போடுங்கள். வர்ணமும் வளைவும் அப்புறம் இருக்கட்டும்.