விரல் அறியும் தையல்

கன்வஸ் துணியில் கம்பளி நூலால் செய்யும் பூவேலையில் சிமிர்னா தையல் என்று ஒன்றுண்டு. துருக்கியின் இஸ்மிர் நகரத்துப் பழைய பெயர்தான் சிமிர்னா. போர் முடிந்த 2009இன் பின், ஊர்காவற்றுறையில் படகேறி எழுவைதீவு போனபோது, அங்குள்ள அக்கா ஒருவரிடம் இதைக் கற்றேன்.

4 இழை அகலம், 4 இழை உயரமுள்ள சதுரத்தில் முதலில் பெருக்கல் குறிபோல இரண்டு தையல். அதன்மேல் கூட்டல் குறிபோல இரண்டு. கடைசித் தையல் எல்லாச் சதுரங்களிலும் ஒரே பக்கமாக விழ வேண்டும். நூலை இறுக்காமல் விட்டால் குமிழ்போலப் புடைத்து நிற்கும்.

“பெட்டி இழைக்கிற மாதிரித்தான் பிள்ளை, ஓலை மாறி விழுந்தா வேலை பழுதாப் போம்” என்றார் அக்கா.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் புத்தளம் வந்தவர்கள். உம்மா மறுபடி ஊர் பார்க்கவில்லை. இப்போது கண்ணும் தெரிவதில்லை. அவருக்காக ஒரு பனை தைத்தேன். ஓலையைத் தட்டையாகவும் நுங்குக்குலையைச் சிமிர்னாவிலும் வைத்தேன்.

விரலால் தடவிய உம்மா, “முத்திப்போச்சு மகள், இறக்கச் சொல்லு” என்றார்.

பார்வை மங்கிய பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்கள் விரலுக்கென்று ஒன்று தைத்துக் கொடுங்கள்.