ராஜாவை விளித்த சொல்

வங்கியில் நீட்டும் செக், சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக், லாரிகளை நிறுத்தும் செக் போஸ்ட், ஓடையின் குறுக்கே கட்டும் செக் டேம், கட்டம் போட்ட செக் சட்டை, ரயிலில் டிக்கெட் செக்கிங். இத்தனையும் ஒரே ஆங்கிலச் சொல்லா, ஒலியால் மட்டும் ஒன்றுபோல இருக்கும் பல சொற்களா? தமிழில் திங்கள் என்றால் நிலவு, மாதம், கிழமை. மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆறு என்ற எண்ணுக்கும் ஆறு என்ற நதிக்கும் அந்த உறவு கிடையாது. செக் இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளத்தான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் பிரித்தேன்.

நம் நிகண்டுகளும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. திவாகரத்தின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொல் பல்பொருளுக்கே உரியது. அங்கே பொருள்கள் அருகருகே நிற்கும். எதிலிருந்து எது பிறந்தது என்று நிகண்டு ஆராயாது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோ ஒவ்வொரு பொருளும் எழுத்தில் முதலில் தென்பட்ட காலத்தைத் தேடிப்பிடித்து வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் பின்னோக்கிப் போகப் போக வங்கி மறைந்தது, சோதனை மறைந்தது, கடைசியில் சதுரங்கப் பலகை மட்டும் மிஞ்சியது.

யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படையின் பெயரால் சதுரங்கம் என்று இங்கே வழங்கிய ஆட்டம் பாரசீகத்துக்குப் போய்ச் சத்ரங் ஆயிற்று, அரபியில் ஷத்ரஞ்ச். எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது பாரசீகர்கள் ‘ஷா!’ என்று குரல் கொடுப்பார்கள். ஷா என்றால் அரசன். ‘அரசே, பார்த்துக்கொள்’ என்ற எச்சரிக்கை அது. அந்தக் குரல் அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், இடைக்கால லத்தீனில் ஸ்காக்கஸ், பழைய பிரெஞ்சில் எஷெக், ஆங்கிலத்தில் செக் என்று உருமாறியது. ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரான செஸ், அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவத்திலிருந்து வந்தது. செக்மேட் என்பது ஷா மாத். அரசன் செய்வதறியாமல் நிற்கிறான் என்று பொருள்.

சதுரங்கத்தின் பயணத்தைப் படிக்க எச்.ஜே.ஆர். மர்ரே 1913இல் வெளியிட்ட ‘எ ஹிஸ்டரி ஆஃப் செஸ்’ நூலுக்குப் போனேன். தொள்ளாயிரம் பக்கங்களுக்குக் குறையாத நூல். அரபிச் சுவடிகளை நேராகப் படிப்பதற்காகவே அவர் அரபி கற்றார். அவருடைய தந்தை ஜேம்ஸ் மர்ரே என்பதைக் கண்டபோது மனம் துள்ளியது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பெரும்பகுதியைத் தொகுத்தவர் ஜேம்ஸ் மர்ரே. செக் இடம்பெறும் சி எழுத்தும் அவர் கையால் அமைந்ததுதான். அகராதிக்காக மேற்கோள் திரட்டிக் கொடுத்த பிள்ளைகளில் சதுரங்க நூலை எழுதிய இந்த ஹாரல்டும் ஒருவர். சொல்லின் கதையும் ஆட்டத்தின் கதையும் ஒரே வீட்டில் எழுதப்பட்டிருக்கின்றன.

பலகையை விட்டு இந்தச் சொல் வெளியே வந்த விதம் இயல்பானது. ராஜாவுக்கு செக் விழுந்தால் வேறு எந்தக் காயையும் இஷ்டப்படி நகர்த்த முடியாது. முதலில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்டம் அந்த இடத்தில் தடைபடுகிறது. இதிலிருந்து திடீர்த் தடை, பின்னடைவு என்ற பொருள்கள் வந்தன. பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் எழுதிய ‘த புக் ஆஃப் த டச்சஸ்’ கவிதையில் விதியே எதிரில் அமர்ந்து சதுரங்கம் ஆடி, ஒரு வீரனின் ராணியைப் பறித்து, அவனுக்கு செக் சொல்கிறது. மனைவியை இழந்தவனின் துயரம் அது. தடுத்தலிலிருந்து கட்டுப்படுத்தல், தவறு நேராதபடி தடுப்பதிலிருந்து சரிபார்த்தல். செக் டேமும் செக் போஸ்ட்டும் டிக்கெட் செக்கிங்கும் இந்தக் கிளையில் காய்த்தவை.

என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது வங்கிச் செக்தான். ஆங்கிலேயர் அதை வேறு எழுத்துகளில் எழுதுவதற்கு என்ன காரணம்? விடை பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கருவூலத்தில் இருக்கிறது. அரசன் இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதுபோல அந்தக் கருவூலத்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. வில்லைகள் உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரற்கடை உயர விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டு எனக் கட்டங்களில் வில்லைகளை அடுக்கி, மாவட்டத்து வரிப்பணத்தோடு வந்த ஷெரீஃபின் கணக்கைத் தீர்ப்பார்கள். சதுரங்கப் பலகையில் அரசர்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள் என்று அவரே விளக்குகிறார். பிரெஞ்சில் சதுரங்கப் பலகை எஷெக்கியே. அதுவே எக்ஸ்செக்கர் ஆகி, இன்றும் பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் ஒட்டியிருக்கிறது.

கட்டிய பணத்துக்கு ரசீது, வெட்டுப் போட்ட மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு வாற்கோதுமை மணியின் பருமன். குச்சியை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதியைக் கட்டியவருக்குக் கொடுத்துவிட்டு மறுபாதியைக் கருவூலம் வைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற இப்படியொரு சாட்சியை நினைத்து வியக்கிறேன். வழக்கொழிந்து குவிந்து கிடந்த இந்தக் குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரித்தபோதுதான் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றிச் சாம்பலானது.

தாள் புழக்கத்துக்கு வந்ததும் குச்சியின் மறுபாதிக்குப் பதிலாக அடித்தாள் வந்தது. மோசடியைத் தடுப்பதால், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அடித்தாளைத்தான் செக் என்றார்கள். பிறகு அந்தப் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு மாறியது. எக்ஸ்செக்கர் என்ற சொல்லின் சாயல் எழுத்திலும் படிந்தது. அமெரிக்கர்கள் பழைய எழுத்திலேயே எழுதுகிறார்கள். உணவகத்துப் பில்லுக்கும், நாம் டிக் என்று சொல்லும் குறிக்கும்கூட அவர்களுக்கு செக்தான். சட்டையின் கட்டங்களுக்கு இவ்வளவு சுற்றுவழி இல்லை. அவை நேராகப் பலகையிலிருந்து வந்தவை.

ஆக, இது திங்கள் வகை. எண்ணெய் ஆட்டும் நம் செக்கு மட்டும் இந்த வம்சத்தில் சேராத தமிழ்ச் சொல்.

காசோலை, தடுப்பணை, சோதனைச் சாவடி என்று தனித்தனியே நல்ல சொற்கள் அமைந்துவிட்ட பிறகும், ஓர் இடத்தில் செக் தமிழை விட்டுப் போகவில்லை. எதிர்க்கட்சிக்கு ‘செக் வைத்தார்’ என்று நம் அரசியல் செய்திகள் எழுதுகின்றன. தடுத்தார், சரிபார்த்தார் என்ற பொருளெல்லாம் அதில் கிடையாது. காயை நகர்த்தி, எதிராளி பதில் சொல்லியே தீர வேண்டிய நிலையை உண்டாக்கினார் என்பதே பொருள், பாரசீகர்கள் ‘ஷா!’ என்று குரல் கொடுத்தபோது சொன்னதும் இதைத்தான்.